ஒரு குச்சியை அசையாமப் பிடிக்கத் தெரியுமா நமக்கு?

வேங்கிக்கால்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கறவை மாடு இருக்கு. மாடு சினைப்பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பிச்சா அப்பா போன் போடுவார். மாட்டாஸ்பத்திரியில இருந்து ஒருத்தர் பைக்ல வருவார். பின்சீட்ல ஒரு அலுமினியக் கேன் கட்டியிருக்கும். மூடியைத் தூக்கினா வெள்ளைப் புகை வழியும். உள்ள இருந்து இடுக்கியால ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் விட்டு, சினை ஊசி போட்டுட்டுப் போயிடுவார். சின்ன வயசுல அந்தப் புகையைத் தொட நான் கையை நீட்ட, அவர் போட்ட சத்தம் இன்னும் காதுல நிக்குது.

அந்தக் கேன்ல இருக்கிறது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். திருவண்ணாமலை மாவட்டத்துல மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைங்க யாருக்கும் இது புதுசு இல்ல. ஆனா அதே திரவத்தை வச்சுதான் உலகத்துல புரதத்தோட ஒவ்வொரு அணுவையும் படம் பிடிக்கிறாங்கன்னு எனக்கு மூணாவது வருஷம் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் படிக்கும்போதுதான் தெரிஞ்சது. தெரிஞ்ச அன்னைக்குக் கொஞ்சம் சந்தோஷம், நிறைய கோபம். அந்தக் கோபத்தைத்தான் இங்க எழுதுறேன்.

சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். உலகத்துலயே கூர்மையான நுண்ணோக்கி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காதுன்னு முடிவு பண்ற பாகங்கள்ல ஒண்ணு, ரெண்டு சாண் நீளமுள்ள ஒரு குச்சி. சாம்பிளைக் குளிர வச்சு, அசையாமப் பிடிச்சுக்கிற ஹோல்டர். அதைச் செய்யறது முழுக்க முழுக்க நம்ம சிலபஸ். ஆனா நம்ம கேம்பஸ்ல அதைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல. இந்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு தேடுற மெக்கானிக்கல், ஈசிஇ, ஈஇஇ மக்களே, இது உங்களுக்குத்தான்.

எதுக்குக் குளிர வைக்கணும்?

எலக்ட்ரான் நுண்ணோக்கியோட உள்பக்கம் வெற்றிடம். காத்து இருந்தா எலக்ட்ரான் நேராப் போகாது. அந்த வெற்றிடத்துல ஈரமான எதை வச்சாலும் தண்ணி ஆவியாகிப் போயிடும். தண்ணி போனா புரதம் தன் வடிவத்தை இழந்துடும். இது முதல் சிக்கல். ரெண்டாவது, எலக்ட்ரான் கற்றையே சாம்பிளைச் சிதைக்கும். படம் எடுக்க எடுக்க, எடுக்கிற பொருளே அழிஞ்சுட்டு இருக்கும்.

குளிர்ல ரெண்டுக்குமே மருந்து இருக்கு. தண்ணியை உறைய வச்சா ஆவியாகாது. சிதைவோட விளைவும் சில மடங்கு குறையும். ஆனா ஃப்ரீசர்ல வைக்கிற மாதிரி மெதுவா உறைய வைக்கக் கூடாது. ஃப்ரீசர்ல வச்ச தக்காளியை வெளிய எடுத்தா கொழகொழன்னு ஆகுதே, ஏன்? உள்ள வளர்ந்த பனிப் படிகங்கள் செல்லைக் கிழிச்சுடுது. படிகமே உருவாக நேரம் கொடுக்காம, திரவ நைட்ரஜனால குளிர வச்ச ஈத்தேன்ல சாம்பிளைச் சட்டுனு முக்கினா, தண்ணி கண்ணாடி மாதிரி உறைஞ்சுடும். 1980களின் தொடக்கத்துல ஜெர்மனியின் ஹைடல்பெர்க்ல ஜாக் டுபோஷே குழு இதைச் செஞ்சு காட்டுச்சு. அந்தக் கண்ணாடிப் பனியைச் சுமார் மைனஸ் 137 டிகிரிக்கு மேல விட்டா மறுபடி படிகமாயிடும். அதனால உறைய வச்ச நிமிஷத்துல இருந்து படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

இதுக்குக் கிடைச்சது 2017ஆம் ஆண்டு வேதியியல் நோபல். டுபோஷே, யோஆகிம் ஃப்ராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூணு பேருக்கும். 2020 ஜனவரியில கொரோனா கிருமியோட மரபணு வரிசை வெளியாச்சு. பிப்ரவரியிலேயே அதன் முள் புரதம் எப்படி இருக்குன்னு இந்த முறையில படம் வந்துடுச்சு. உயிரியல் மட்டும்னு நினைக்காதீங்க. பேட்டரியில லித்தியம் கிளை கிளையா வளர்ந்து ஷார்ட் ஆகுதே, அந்த லித்தியத்தைச் சாதாரண வெப்பநிலையில எலக்ட்ரான் கற்றையில வச்சா தாங்காது. 2017ல ஸ்டான்ஃபோர்ட்ல யி குய் குழு அதைக் குளிர வச்சுதான் அணு அளவுல பார்த்தாங்க. இ-பைக் பேட்டரி பத்தி ப்ராஜெக்ட் பண்றவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

குச்சியோட கதை

இப்ப ஹோல்டருக்கு வருவோம். பக்கவாட்டில் நுழைக்கிற வகையை எடுத்துக்கலாம். ஒரு முனையில திரவ நைட்ரஜன் தொட்டி. அது நுண்ணோக்கிக்கு வெளிய, அறைக் காத்துல தொங்கும். அதுல இருந்து ஒரு குழாய், அதுக்குள்ள ஒரு செம்புத் தண்டு. தண்டோட மறுமுனையில 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்ட வலை. அதுலதான் சாம்பிள். தொட்டியோட குளிரைச் செம்பு முனைக்குக் கடத்துது. அவ்வளவுதான். பார்த்தா பைக் பம்ப் மாதிரி இருக்கும்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். 20 சென்டிமீட்டர் செம்புத் தண்டு ஒண்ணை அறை வெப்பநிலையில இருந்து திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் கொண்டுபோனா சுமார் 0.3 சதவீதம் சுருங்கும். அதாவது 0.6 மில்லிமீட்டர். சரி, சுருங்கி முடியட்டும்னு காத்திருக்கலாம். ஆனா அதுக்கப்புறம்? அந்தக் குளிர்ல செம்பின் விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 லட்சத்தில் 8 பங்கு. தொட்டியில நைட்ரஜன் மட்டம் இறங்கி, தண்டு ஒரே ஒரு மில்லிகெல்வின், அதாவது ஒரு டிகிரியில ஆயிரத்துல ஒரு பங்கு சூடாச்சுன்னு வைங்க. தண்டு 1.6 நானோமீட்டர் நீளும். ரெண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவுல இருக்கிற தூரம் சுமார் 0.15 நானோமீட்டர். அதாவது நீங்க படம் எடுக்க வந்த அணு பத்து வீடு தள்ளிப் போயிடுச்சு. நல்ல டிசைன்ல முனைக்குப் பக்கத்துல தண்டைப் பிடிச்சு, நீட்சியை வெளிப்பக்கமா திருப்பி விடுவாங்க. ஆனா பிடிக்கிற இடம் வழியா வெப்பம் உள்ள வருமே, அதை என்ன பண்றது?

மொத்த சண்டையும் இங்கதான். முனை ஆடாம இருக்கணும்னா தடிமனா, கெட்டியா பிடிக்கணும். வெப்பம் கசியாம இருக்கணும்னா மெல்லிசா, நீளமா பிடிக்கணும். ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கெடும். மாட்டாஸ்பத்திரி கேனோட கழுத்து ஏன் அவ்வளவு ஒடுக்கமா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அதே காரணம்தான். ஃபூரியர் விதியில பரப்பு மேல, நீளம் கீழ. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதுதான் அந்தப் பைக்ல போயிட்டு இருக்கு.

இன்னும் இருக்கு. திரவ நைட்ரஜன் கொதிச்சுட்டே இருக்கும். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் தண்டு அதிரும். இது வைப்ரேஷன் பேப்பர். ஹோல்டர் உள்ள நுழையற இடத்துல வெற்றிடம் காக்கிறது ஒரு ரப்பர் ஓ-ரிங். குளிர் அது வரைக்கும் வந்து ரப்பர் விறைச்சுட்டா காத்து கசியும். 1986ல சேலஞ்சர் விண்கலத்தை அழிச்சதே குளிர்ல விறைச்ச ஓ-ரிங்தான். அப்புறம் பனி. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் மேல வேர்க்குதே, அது மாதிரி இந்த முனையில காத்துல இருக்கிற ஈரம் வந்து படியும். அதுக்கு முனையில ஒரு குட்டி மூடி வேணும், கைப்பிடியில இருந்தே திறந்து மூடணும், அந்த மூடியும் உறைஞ்சு சிக்கிக்கக் கூடாது. வெப்பநிலையை அளக்க ஒரு சென்சார் வேணும், ஆனா சென்சாரோட வயர் வழியாவே வெப்பம் உள்ள வரும்.

ஹீட் ட்ரான்ஸ்ஃபர், வைப்ரேஷன், மெட்டீரியல்ஸ், டிசைன், கன்ட்ரோல், இன்ஸ்ட்ருமென்டேஷன். ஒரு குச்சிக்குள்ள எட்டு செமஸ்டர்.

யார் செஞ்சாங்க?

இதெல்லாம் பெரிய கம்பெனி வேலைன்னு தோணும். வரலாறு அப்படிச் சொல்லல. உறைந்த நிலையில புரதப் படிகத்தை எலக்ட்ரான் கற்றையில வச்சு, அதன் அமைப்பு கெடாம இருக்குன்னு 1974ல முதல்ல காட்டினவங்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லியில இருந்த ராபர்ட் கிளேசரும் அவரோட மாணவர் கென்னத் டெய்லரும். மாணவர். நம்மளை மாதிரி கைடு பின்னாடி அலைஞ்ச ஒருத்தர்.

ஹெண்டர்சன் கதை இன்னும் பிடிக்கும் எனக்கு. கேம்பிரிட்ஜ்ல மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துல வேலை பார்த்தவர். நோபல் வாங்கறதுக்கு 26 வருஷம் முன்னாடி, 1991ல, ரெண்டு பேரோட சேர்ந்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பே பக்கவாட்டில் நுழைக்கும் குளிர் ஹோல்டர் பத்திதான். புரதத்தைப் பார்க்க வந்த மனுஷன், இருக்கிற குச்சி சரியில்லன்னு தன் குச்சியைத் தானே வடிவமைச்சிருக்கார். சிதம்பரத்துல பிறந்து 2009ல நோபல் வாங்கின வெங்கி ராமகிருஷ்ணன் வேலை பார்த்ததும் இதே ஆய்வகம்தான். அவர் நோபல் எக்ஸ்-ரே படிக முறைக்குக் கிடைச்சது. ஆனா பிற்பாடு அவர் குழுவும் ரைபோசோமைப் பார்க்க இந்தக் குளிர் முறைக்கு வந்துடுச்சு.

2020ல அதே ஆய்வகத்துல இன்னொரு வேலை நடந்தது. குளிரையெல்லாம் சரி பண்ணின பிறகும், கற்றை பட்டவுடனே சாம்பிள் ஏன் நகருதுன்னு கிறிஸ்டோஃபர் ரூசோ குழு துருவினாங்க. பதில் என்ன தெரியுமா? பக்லிங். நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பக்லிங். வலையோட ஓட்டைக்குள்ள இருக்கிற மெல்லிய பனிப் படலம், அழுத்தத்துல தகடு வளையற மாதிரி வளையுது. ஓட்டையோட விட்டம் பனித் தடிமனைப் போல 11 மடங்குக்குள்ள இருந்தா வளையாதுன்னு கணக்குப் போட்டு, தங்கத் தகட்டுல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, நகர்வை ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் கீழே கொண்டுவந்தாங்க. ஆய்லர் காலத்துக் கேள்வியை வச்சு 2020ல சயன்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை.

நாம எங்க இருக்கோம்?

1940கள்லயே கல்கத்தாவுல என். என். தாஸ்குப்தா குழு ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கியையே கட்டிச்சு. சாமான் கிடைக்காத காலம் அது. இன்னைக்கு பெங்களூருல தேசிய உயிரியல் மையத்து வளாகத்துல உயர்தரக் கிரையோ நுண்ணோக்கி ஓடுது. சென்னை ஐஐடியிலும் கிரையோ வசதி வந்துடுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா கிரையோ ஹோல்டர்னு தேடினா முதல்ல வர்ற கம்பெனிப் பெயர்கள் எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். விலை பல லட்சத்துல. ஓசூர்லயும் அம்பத்தூர்லயும் மைக்ரான் அளவுக்குக் கடைசல் பண்ற பட்டறைகள் இருக்கு. கோயம்புத்தூர்ல பம்பு செய்யாத தெரு இல்ல. மகேந்திரகிரியில இஸ்ரோ திரவ ஹைட்ரஜன்ல இன்ஜினே ஓட்டுது. குளிரும் தெரியும், கடைசலும் தெரியும். ரெண்டையும் ஒரு குச்சியில சேர்க்கத்தான் ஆள் வேணும்.

"அதெல்லாம் சரி நண்பா, பெரிய மெஷின்ல இப்ப சாம்பிளைத் தானா ஏத்துற கேஸட் வந்துடுச்சே, குச்சிக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. உச்சத்துல இருக்கிற மெஷின்கள்ல அப்படித்தான். ஆனா அந்த மெஷின் பல கோடி. கல்லூரிகள்லயும் பல்கலைக்கழகங்கள்லயும் இருக்கிற சாதாரண நுண்ணோக்கிகள்ல பெரும்பாலும் பக்கவாட்டு ஹோல்டர்தான். அதுக்கு ஒரு நல்ல குளிர்க் குச்சி கிடைச்சா, இருக்கிற மெஷினே புது வேலை பார்க்கும். திரவ ஹீலியம் அளவுக் குளிர் வேணும்னா ஆராய்ச்சியே இன்னும் குச்சியிலதான் நடக்குது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ராபர்ட் ஹோவ்டன் குழு, 25 கெல்வினுக்கும் கீழே பல மணி நேரம் நிலையா நிக்கிற ஹோல்டரை இப்பத்தான் செஞ்சிருக்காங்க.

"நகர்ந்தா என்ன, சாஃப்ட்வேர் சரி பண்ணிடாதா?" பண்ணும். இப்ப கேமராவே படத்தை வீடியோ மாதிரி எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தி ஒண்ணு சேர்க்குது. ஆனா சாம்பிள் சேதமாகாம இருக்கிறது முதல் சில ஃப்ரேம்கள்லதான். அதிகமா நகர்றதும் அதே ஃப்ரேம்கள்லதான். ஒரு ஃப்ரேமுக்குள்ளேயே கலங்கிப்போனதை எந்தக் கோடும் திருப்பிக் கொண்டுவராது. எல்லாத்தையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கும்னு நினைக்கிற நம்ம பழக்கத்துக்கு இது ஒரு நல்ல குட்டு.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" நேர்மையா சொல்றேன், ஹோல்டர் செய்யற வேலைன்னு யாரும் நம்ம கேம்பஸுக்கு வரப் போறதில்ல. ஆனா வெற்றிடம், குளிர், துல்லியம் மூணும் கைப்பழக்கம் ஆன ஒருத்தருக்கு இஸ்ரோ, கல்பாக்கம், சிப் தொழிற்சாலைக் கருவிகள், குவான்டம் கம்ப்யூட்டர் ஆய்வகங்கள் எல்லாத்துலயும் பேச ஒரு பொருள் இருக்கும். ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கின ஸ்மார்ட் டஸ்ட்பின்னைக் காட்டி இன்டர்வியூல என்ன பேசுவீங்க? என் சீனியர் ஒருத்தர் அப்படித்தான் வாங்கினார். அதுல எந்த சென்சார் இருக்குன்னு கேட்டதுக்கு அவரால பதில் சொல்ல முடியல. அவரைக் குத்திக் காட்ட இதைச் சொல்லல. அந்த இடத்துல நாளைக்கு நானும் நிக்கலாம்.

என்ன செய்யலாம்?

நுண்ணோக்கி இல்லாமலே ஆரம்பிக்கலாம். ஒரு செம்புத் தண்டு, ஒரு மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய், ஒரு சின்ன திரவ நைட்ரஜன் தொட்டி, நாலஞ்சு பிடி 100 சென்சார். ஒரு டீம் வெப்பக் கசிவை அளக்கட்டும்: தாங்கியைச் செராமிக்ல வச்சா எவ்வளவு, பிளாஸ்டிக்ல வச்சா எவ்வளவு, நைட்ரஜன் மணிக்கு எத்தனை கிராம் குறையுதுன்னு தராசுல வச்சுப் பார்த்தாலே போதும். இன்னொரு டீம் குமிழி அதிர்வை ஒரு ஆக்சிலரோமீட்டர் வச்சு அளக்கட்டும். நைட்ரஜனை பம்ப் பண்ணி 63 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோனா திடமாயிடும், கொதிப்பு நின்னுடும். அப்ப அதிர்வு எவ்வளவு குறையுது? மூணாவது டீம் பனி படியாத மூடியை 3டி பிரின்ட் பண்ணிப் பார்க்கட்டும். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துல மாணவர் ப்ராஜெக்ட்டுக்குன்னே நிதித் திட்டம் இருக்கு. கடைசியில உண்மையான நுண்ணோக்கியைப் பார்க்கணும்னா ஐ-ஸ்டெம் தளத்துல நாடு முழுக்க இருக்கிற கருவிகளைத் தேடி, கேட்டுப் பதிவு பண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானா சுமார் 700 லிட்டர் வாயு. மூடின ரூம்ல வச்சா ஆக்சிஜன் குறைஞ்சு, மூச்சு முட்டறது தெரியாமலே மயங்கி விழலாம். இறுக்கமான மூடி போட்டா பாத்திரம் வெடிக்கும். திறந்த வெளி, கண்ணாடி, சரியான கையுறை, கூட ஒரு லேப் ஸ்டாஃப். இதுல விளையாட்டு வேண்டாம்.

நம்ம ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜீரோத் ரிவ்யூல "அவுட்புட் என்ன"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி "என்ன அளக்கப் போறீங்க"ன்னு கேளுங்க. லைட் எரியற ப்ராஜெக்ட்டுக்கு மார்க் அதிகம், வெறும் கிராஃப் காட்டுற ப்ராஜெக்ட்டுக்கு மார்க் கம்மின்னு இருக்கிற வரைக்கும் நாங்க லைட்டுதான் எரிய விடுவோம்.

போன மாசம் அந்தக் கேன்காரர் மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை நான் கையை நீட்டல, கேள்வி கேட்டேன். "சார், இது எத்தனை நாள் தாங்கும்?" அவர் சிரிச்சார். "தொறக்காம வச்சா தாங்கும் தம்பி. உன்ன மாதிரி ஆளுங்க எட்டி எட்டிப் பாக்கறதாலதான் சீக்கிரம் தீருது." மூடியைத் தூக்குற ஒவ்வொரு தடவையும் சூடான காத்து உள்ள போகுது, ஈரமும் போகுது. அவர் சொன்னதை நோட்ல எழுதி வச்சிருக்கேன். தராசு இருக்கு, செம்புத் தண்டுக்குப் பட்டறையில சொல்லியாச்சு. இன்னும் ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் ஈசிஇயா இருந்தா நல்லது. ரிவ்யூ தேதி வர்றதுக்குள்ள வாங்க.